தினமும் வீடு திரும்பும் வேலை

2025 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், லாரி ஓட்டுநர் அறிவுச்செல்வன் தன் முப்பத்து மூன்றாம் வயதில் ஒன்பதாவது முறையாகப் பெண் பார்த்தான்.

முதல் எட்டும் தட்டிப்போனதற்குக் காரணம் ஒன்றுதான். அது எட்டு விதமாகச் சொல்லப்பட்டது. கீழ்பென்னாத்தூரில் லாரி சொந்தமா என்று கேட்டார்கள். ஓட்டுவது மட்டும்தான் என்று தெரிந்ததும் காபியோடு நிறுத்திக்கொண்டார்கள். செங்கத்தில் பெண்ணின் தாய்மாமன் அன்பு மிகுந்து கட்டித் தழுவுவதுபோல் நெருங்கி வந்து வாயை மோந்து பார்த்தார். வெற்றிலை வாசனைகூட வராததில் அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம். போளூரில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு கேட்டார்கள். கொடுத்தான். இவனுக்குச் சர்க்கரை இல்லை என்பது தெரிந்தது. பெண்ணின் அப்பாவுக்கு இருந்தது. அவர் அதைப் பற்றியே அரை மணி நேரம் பேசிவிட்டு அனுப்பிவைத்தார்.

இதே காலத்தில் வேறொரு பக்கம் அவனுக்கு ஏகக் கிராக்கி. ராணிப்பேட்டையிலிருந்து கான்பூருக்குத் தோல் பதனிடும் ரசாயனம் ஏற்றிப்போகும் பன்னிரண்டு சக்கர லாரியை அவன் ஓட்டிக்கொண்டிருந்தான். முதலாளி அருணகிரியிடம் ஆறு லாரிகளும், லாரிக்கு இரண்டு பேர் வேண்டிய இடத்தில் எட்டு ஓட்டுநர்களும் இருந்தார்கள். ஓட்ட ஆளில்லாமல் நின்ற இரண்டு லாரிகளில் ஒன்றின் அடியில் பூனை குட்டி போட்டிருந்தது. அறிவுச்செல்வனைத் தங்களிடம் வரச் சொல்லி நாமக்கல்லிலிருந்தும் ஓசூரிலிருந்தும் வேறு முதலாளிகள் போன் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் யாருக்கும் கல்யாண வயதில் பெண் இல்லை. இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

வேங்கிக்கால் பெண்ணின் பெயர் ஆர்த்தி. கலெக்டர் அலுவலக வளாகத்தில் ஒப்பந்த முறையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அப்பா சின்னசாமி அரசு பஸ்ஸில் முப்பத்தொரு வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வேங்கிக்காலில் ஒரு தனியார் பள்ளியின் பஸ்களுக்கு அவர்தான் பொறுப்பு. அம்மா வேதா வீட்டைப் பார்த்துக்கொள்பவர். அறிவுச்செல்வனோடு அவனுடைய அம்மாவின் தம்பி திருமலை வந்திருந்தார். அவர் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ஊரில் யார் எந்த வேலைக்கு மனுப் போடுகிறார்கள் என்பது அவருக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

"எந்த ரூட்டு தம்பி?" என்று ஆரம்பித்தார் சின்னசாமி.

"ராணிப்பேட்டை டு கான்பூர் சார். கர்னூல், நாக்பூர் மேல."

"போய் வர எத்தினி நாளு?"

"பன்னெண்டு. எறக்க லேட்டானா பதினாலு."

"அப்ப வீட்ல?"

"மாசத்துக்கு ஆறு நாள் இருப்பேன் சார். அதுவே ஜாஸ்தி."

சின்னசாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "முப்பத்தோரு வருஷம் டிரைவருங்க முதுகப் பாத்துக்கினே நின்னவன் நான். நீ நல்ல பையன். ஒன் முதுகப் பாத்தாலே தெரியுது. ஆனா எம் பொண்ணு மாசத்துல இருவத்தி நாலு நாள் தனியா தாப்பா போட்டுக்கினு படுக்க முடியாது. எனக்கு வாரத்துல மூணு நாள் நைட் ஹால்ட்டு, வெளியூர்லயே பஸ்ஸப் போட்டுப் படுக்கணும். நான் இல்லாம எம் பொண்டாட்டி இன்னா பாடு பட்டான்னு எனக்குத்தான் தெரியும்."

"நான் எப்ப பாடு பட்டேன்?" என்றார் சமையலறை வாசலில் நின்ற வேதா. "அந்த மூணு நாள்தான் நல்லாத் தூங்குவேன்."

சின்னசாமி அதைக் காதில் வாங்காமல் தொடர்ந்தார். "தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வர்ற மாதிரி ஒரு வேலையப் பாத்துக்கோ. ஆடி பொறக்கறதுக்குள்ள பாத்துட்டா ஆவணில கல்யாணத்த வெச்சிக்கலாம். இல்லன்னா எங்களுக்கும் வேற எடம் வருது."

"பன்னெண்டு வருஷமா லைன்ல ஓட்டுன பையன் சார்," என்றார் திருமலை. "டக்குனு மாறுன்னா, பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல."

"பழக்கமாவது ஒண்ணாவது. ரிடையரான அன்னிக்கி சாயங்காலம் பையயும் விசிலயும் டிப்போல ஒப்படைச்சேன். அதோட முடிஞ்சிது. அடுத்த நாளே நான் வேற ஆளு. மனசு வெச்சா மாறிக்கலாம்."

அறிவுச்செல்வனும் ஆர்த்தியும் பேசிக்கொள்ள மொட்டை மாடியில் ஐந்து நிமிடம் கொடுக்கப்பட்டது. காயப்போட்டிருந்த மிளகாய்க்கு இரு பக்கமும் நின்றார்கள். அவள்தான் முதலில் பேசினாள்.

"சமைப்பீங்களா?"

"லாரியிலயே அடுப்பு இருக்கு. ரசம் நல்லா வரும். சப்பாத்தி சுமார்."

"வண்டி ஓட்டும்போது போன் எடுப்பீங்களா?"

"எடுக்க மாட்டேன்."

"நானே பண்ணாலும்?"

அவன் யோசித்தான். "ஓரங்கட்டிட்டுத் திருப்பிப் பண்ணுவேன்."

"சரி," என்றாள் ஆர்த்தி. "எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. அந்தக் கண்டிஷன் அப்பாவோடது, என்னோடது இல்ல. ஆனா அவரு சொன்ன அன்னிக்கே எதுத்துப் பேசுனா இன்னும் ஏறிக்குவாரு. நீங்க தேடிப் பாருங்க."

எட்டு வீடுகளில் எட்டுப் பெண்கள் அவனைப் பார்த்திருந்தார்கள். பிடித்திருக்கிறது என்று ஒருத்திகூடச் சொன்னதில்லை. கீழே இறங்கி வந்தபோதே லாரியை விடுவதென்று முடிவு செய்துவிட்டான். ஆடி பிறக்க முப்பத்தொன்பது நாட்கள் இருந்தன.

மறுநாள் திருமலையின் கடையில் ஆலோசனை நடந்தது.

"கவர்மெண்ட் டிரைவர் போஸ்ட்டு மாமா?"

"மனு நானே போட்டுத் தரேன். இண்டர்வியூ கார்டு ஒம் புள்ளைக்குக் காது குத்தறப்ப வரும்."

"துபாய்?"

"கான்பூரே தூரங்கறாரு அந்த மனுஷன்."

"குவாரி டிப்பர்?"

"அது விடிய விடிய ஓடும். வீட்டுக்கு வர முடியாது, வந்தாலும் ஒன்ன அடையாளம் தெரியாது, அவ்ளோ தூசி."

ஆதார் நகலுக்காகக் காத்திருந்த ஒருவர் குறுக்கிட்டார். "இன்னும் பத்து வருஷத்துல லாரிக்கு டிரைவரே வேணாமாம்பா. வண்டியே தானா போவுமாம்."

"போவட்டும்," என்றார் திருமலை. "அதுக்கு யாரு பொண்ணு குடுக்கறாங்கன்னு பாப்போம்."

கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரு டிரைவிங் ஸ்கூலுக்கு அவனை அனுப்பினார். காலை ஏழு மணி முதல் மாலை ஆறு வரை. ஊர் எல்லையைத் தாண்டாத வேலை. பயிற்சியாளர் உட்காரும் இடது பக்கத்தில் தனியாக ஒரு பிரேக்கும் கிளட்சும் இருக்கும். கற்றுக்கொள்பவர் தவறு செய்தால் அதை மிதிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார் பள்ளி உரிமையாளர்.

அவர்கள் யாரும் யோசிக்காத ஒரு விஷயம் இருந்தது. நெடுந்தூர லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டுவார்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் இடது பக்கம் உட்காருவது தூங்குவதற்குத்தான். பன்னிரண்டு வருடமாக அறிவுச்செல்வன் இடது இருக்கையில் வேறெந்தக் காரியத்தையும் செய்ததில்லை.

முதல் மாணவி சினேகா. மருந்துக்கடை வைத்திருப்பவர். ஸ்டியரிங்கைப் பிடிக்கவும் கியர் மாற்றவும் சொல்லிக்கொடுத்துவிட்டு அவலூர்பேட்டை சாலையில் நேராகப் போகச் சொன்னான். வண்டி நாற்பதைத் தொட்டு, இன்ஜின் சத்தம் ஒரே சீராக வர ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அவனுக்கு நினைவில் இருப்பது வண்டி நின்றதுதான். கண்ணைத் திறந்து வெளியே பார்த்தான். அவலூர்பேட்டை பஸ் ஸ்டாண்டு.

"இன்னாங்க இங்க வந்துட்டோம்?" என்றான்.

"நேராப் போங்கன்னு சொன்னீங்க. அப்புறம் நீங்க ஒண்ணும் சொல்லல. சரியாத்தான் ஓட்டுறேன்னு நெனச்சேன்," என்றார் சினேகா. "எப்படித் திரும்பறதுன்னு இன்னும் சொல்லிக் குடுக்கலையே. அதான் நேராவே வந்துட்டேன்."

வேலை மூன்று நாள் நீடித்தது. மூன்று நாளும் தூங்கினான். இருக்கையின் கீழே ஒரு கூழாங்கல்லை வைத்து உட்கார்ந்து பார்த்தான், கூழாங்கல்லோடு தூங்கினான். அவன் நீக்கப்பட்ட பிறகு சினேகா டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்த் தனக்கு அவரேதான் வேண்டும் என்று கேட்டார். மற்றவர்கள் கத்திக்கொண்டே இருக்கிறார்கள், அவர் ஒருவர்தான் தன்மேல் நம்பிக்கை வைத்தார் என்பது அவருடைய வாதம். உரிமையாளர் ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்தது ஒரு லாட்ஜின் கார். ஊருக்கு வரும் வெளியூர்க்காரர்களை ஏற்றி இறக்க வேண்டும். இதில் வலது பக்கம்தான் உட்காருவோம் என்பதால் அறிவுச்செல்வன் தெம்பாகச் சேர்ந்தான். அவன் தெலுங்கும் இந்தியும் பேசுவதைக் கேட்டு மேலாளருக்கு ரொம்ப சந்தோஷம்.

காரின் அகலம் அவனுக்குக் கண்ணால் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. ஆட்டோவும் மாடும் ஒன்றாகப் போகிற சந்தில் அவன் காரை நிறுத்தி, "இதுல போவாது சார்" என்றான். இடது பக்கம் திரும்புவதற்கு முன்னால் சாலையின் வலது ஓரம் வரை போய், பின்னால் முப்பதடி நீளத்துக்கு இரும்பு வருவதுபோல் வளைத்து வந்தான். காலையில் கிளம்பும்போது ஒரு கட்டையால் நான்கு டயரையும் தட்டிக் காற்று பார்த்தான். லாட்ஜில் தங்கியிருந்த குழந்தைகள் அதைப் பார்ப்பதற்கென்றே சீக்கிரம் எழுந்தார்கள்.

விஜயவாடா குடும்பம் ஒன்றைச் சென்னை விமான நிலையத்தில் விட வேண்டியிருந்தது. பதினொரு மணி விமானம். ஆறு மணிக்குக் கிளம்பினான். மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் என்பது அவன் காலில் ஊறிய வேகம். பாரம் ஏற்றிய லாரியில் அதற்கு மேல் போனால் டீசல் கணக்கு இடிக்கும். காரில் பாரம் நான்கு பேரும் ஆறு பெட்டியும்தான் என்பதைக் கால் ஏற்றுக்கொள்ளவில்லை. திண்டிவனம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினான். டீசல் போடுகிறான் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவன் துண்டையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு பங்கின் பின்பக்கம் போய்க் குளித்துவிட்டு வந்தான்.

"குளிக்காம சிட்டிக்குள்ள போனா ஒரு மாதிரி இருக்கும் சார்," என்று தெலுங்கில் விளக்கினான்.

விமானம் நேரத்துக்குப் போய்விட்டது. மாற்று டிக்கெட்டின் விலையை லாட்ஜ் கொடுக்க வேண்டியதாயிற்று. மேலாளர் அவனைத் திட்டவில்லை. ஈரத் துண்டைக் காரின் பின் கண்ணாடியில் காயப்போட்டிருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

ஜூலை 6 அன்று ஆர்த்தி போன் செய்தாள். அவன் வண்டி எதுவும் ஓட்டாமல் இருந்ததால் உடனே எடுத்தான்.

"இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு," என்றாள். "சேத்துப்பட்டுலேர்ந்து ஒரு வரன் வந்திருக்கு. பேங்க்ல வேலை. அப்பா ஜாதகத்த வாங்கி வெச்சிட்டாரு."

"எனக்கு ஒண்ணும் சரியா அமையலங்க."

"கேள்விப்பட்டேன். அவலூர்பேட்டை கதை எங்க ஆபீஸ் வரைக்கும் வந்துருச்சு." அவள் சிரிக்காமல் இருக்க முயற்சி செய்வது தெரிந்தது. "அப்பா ஸ்கூல்லயே மூணாம் நம்பர் பஸ்ஸுக்கு ஆளில்லையாம். நான் கேட்டுட்டேன். சிபாரிசெல்லாம் பண்ண மாட்டேன், சனிக்கெழம வந்து பிரின்சிபல் மேடத்துகிட்ட ஓட்டிக் காட்டட்டும்னாரு. இதுதான் கடைசி. தூங்கிடாதீங்க."

அன்று மாலை ராணிப்பேட்டையிலிருந்து அருணகிரியும் கூப்பிட்டார். "இன்னாப்பா, பொண்ணு கெடச்சிதா? சீக்கிரம் முடிச்சிட்டு வா. இனிமே கம்பெனிலேர்ந்து வர்ற லாரிக்கெல்லாம் ஏசி கேபின்னு சட்டமே வந்துருச்சு. புது வண்டி ஒண்ணு புக் பண்ணிருக்கேன். ஓட்டத்தான் ஆளில்ல."

"நான் வரலண்ணா. ஸ்கூல் பஸ்ஸு ஓட்டப் போறேன்."

"பன்னெண்டு சக்கரம் ஓட்டுனவன்," என்று மட்டும் சொல்லிவிட்டு அருணகிரி போனை வைத்தார்.

ஜூலை 12, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூன்றாம் எண் பஸ் பள்ளி வாசலில் நின்றது. பிரின்சிபல் ரேவதி இருபது கேள்விகள் கொண்ட மதிப்பெண் தாளோடு முன் இருக்கையில் உட்கார்ந்தார். சின்னசாமி ஏறவில்லை. தனக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் முன்னாலேயே போய்விட்டார்.

கிளம்பிய ஐந்து நிமிடத்தில் அறிவுச்செல்வனுக்கு உடம்பு இலகுவானது. முப்பது அடிக்கு மேல் நீளமுள்ள வண்டி. அகலம் கைக்குத் தெரிந்த அகலம். காரில் எதெல்லாம் குற்றமாக இருந்ததோ அதெல்லாம் இங்கே குணமாகிவிட்டது. கலெக்டர் அலுவலகத் திருப்பத்தில் அகலமாக வளைத்து, ஓரத்தில் நின்ற பழ வண்டிக்காரர் தலையைக்கூடத் திருப்பாமல் இருக்கும்படி எடுத்தான். ரேவதி தாளில் குறித்தார். பள்ளி பஸ் நாற்பதுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. முள் நாற்பதிலேயே நின்றது.

"இதுவரைக்கும் ஏழு பேர் ஓட்டிக் காட்டினாங்க," என்றார் ரேவதி. "நாற்பதைத் தாண்டாதது நீங்க ஒருத்தர்தான்."

"காலு தானா நிக்குது மேடம்."

வேலூர் சாலையில் போய்த் திரும்பி, பள்ளிக்கு அரை கிலோமீட்டர் இருந்தபோது பதினெட்டுக் கேள்விகள் முடிந்திருந்தன. பதினெட்டிலும் முழு மதிப்பெண். ரேவதி பேனாவை மூடிவிட்டார்.

அப்போது ஒரு டீக்கடைத் தட்டிக்குப் பின்னாலிருந்து காக்கிச் சட்டை போட்ட ஒருவர் திடீரென்று சாலையில் இறங்கிக் கையைத் தூக்கி நின்றார். சின்னசாமிதான். குழந்தை யாராவது குறுக்கே வந்தால் பையன் எப்படி நிறுத்துகிறான் என்று பார்ப்பது அவருடைய திட்டம். பிரின்சிபலிடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லை. காக்கிச் சட்டை பள்ளி கொடுத்தது. பஸ் வேலை இருக்கும் நாட்களில் அதைத்தான் போட்டுக்கொள்வார்.

பஸ் குலுங்காமல் அவருக்கு நான்கடி தள்ளி நின்றது. பிரேக் போட்ட விதத்தில் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் வினை.

ராணிப்பேட்டைக்கும் கான்பூருக்கும் நடுவில் காக்கிச் சட்டைகள் கை தூக்குவது பல இடங்களில் உண்டு. அதில் எல்லாரும் அரசாங்கத்தைச் சேர்ந்தவர்கள் என்று சொல்ல முடியாது. வண்டி நிறுத்தும் இடத்துக்கு வசூலிப்பவர் இருப்பார். மண்டிக்குள் நுழைய வசூலிப்பவர் இருப்பார். ஊர்த் திருவிழாவுக்குக் காக்கியை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தவரும் இருப்பார். யார், எதற்கு என்று விசாரித்தால் அரை மணி நேரம் போகும். அதனால் ஓட்டுநர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. சட்டைப்பையில் ஐம்பது ரூபாய்த் தாள்களை நீளவாக்கில் மடித்து வைத்திருப்பார்கள். காக்கி, தூக்கிய கை, இரண்டும் தெரிந்தால் போதும். வலது கை ஜன்னல் வழியாக வெளியே போய்விடும்.

அறிவுச்செல்வனின் கை போனது.

சின்னசாமி ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்திருந்தார். நீளமாக மடித்த தாள் ஒன்று முகத்துக்கு நேராக நீண்டது. அவருடைய வலது கை அதை வாங்கி இரண்டு விரலுக்கு நடுவில் செருகிக்கொண்டது. இடது கை, அக்குளுக்குக் கீழே பை இருக்க வேண்டிய இடத்துக்குப் போனது.

"எங்க போவணும்?" என்றார்.

"கான்பூரு," என்றான் அறிவுச்செல்வன், சாலையைப் பார்த்தபடி.

"இது போவாது. பின்னாடி வர்ற வண்டில ஏறு."

டீக்கடையில் ஒருவர் கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். அறிவுச்செல்வன் அப்போதுதான் திரும்பி முகத்தைப் பார்த்தான். சின்னசாமி தன் இடது கையைப் பார்த்தார். அது இல்லாத பையில் சில்லறை தேடிக்கொண்டிருந்தது.

"சின்னசாமி சார்," என்றார் ரேவதி. "வண்டியில ஏறுங்க."

ஏறினார். பஸ் ஓரமாக நின்றது. ரேவதி மூடிய பேனாவைத் திரும்பத் திறந்தார்.

"பத்தொன்பதாவது கேள்வி, ஓட்டுநரின் நடத்தை. இதை நான் என்னன்னு எழுதுறது?"

"மேடம், நான் வேணும்னு குடுக்கல," என்றான் அறிவுச்செல்வன். "கை தானாப் போயிடுச்சு."

"நீங்க வாங்கினீங்களே சார்?"

"நானும் வேணும்னு வாங்கல மேடம்," என்றார் சின்னசாமி. "அது... கைதான்."

"அந்த நோட்டை முதல்ல விரல்லேர்ந்து எடுங்க."

சின்னசாமி எடுத்தார். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ஸ்பீடோமீட்டருக்கு மேல் வைத்தார்.

ரேவதி கோபக்காரர் இல்லை. கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தோள் குலுங்கியதைப் பின்னாலிருந்த சின்னசாமி பார்த்தார், அழுகிறார் என்று நினைத்துப் பயந்துபோனார். திரும்பியபோது பிரின்சிபலின் முகம் சரியாகிவிட்டிருந்தது. "தம்பி, இவ்வளவு நல்லா ஓட்டுற ஒருத்தரை நான் பார்த்ததில்லை. ஆனா நாளைக்கு நாற்பது பிள்ளைங்க பார்க்கிறப்ப நீங்க இப்படிக் கையை நீட்டினா நான் அவங்க அம்மா அப்பாவுக்குப் பதில் சொல்லணும். முடியாது. சார், உங்ககிட்ட திங்கட்கிழமை தனியாப் பேசுறேன்."

பஸ்ஸைப் பள்ளியில் விட்டுவிட்டு இரண்டு பேரும் நடந்தார்கள். சின்னசாமியின் ஸ்கூட்டர் டீக்கடையிலேயே நின்றது. கடைசி வேலையும் கிடைக்காமல் போய்விட்டது. ஆடி பிறக்க ஐந்து நாள். சேத்துப்பட்டு ஜாதகம் சின்னசாமி வீட்டு அலமாரியில் இருந்தது. அறிவுச்செல்வன் அதைப் பற்றி நினைத்துக்கொண்டு வந்தான். சின்னசாமி வேறெதையோ நினைத்துக்கொண்டு வந்தார்.

"பை இருக்கற மாதிரி கைய வெச்சனா?"

"வெச்சீங்க சார்."

"கான்பூர் போவாதுன்னு வேற சொன்னனா?"

"பின்னாடி வண்டில ஏறச் சொன்னீங்க."

"மூணு வருஷம் ஆவுது பைய ஒப்படைச்சி," என்றார் சின்னசாமி. வீடு வரும்வரை இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டே நடந்தார்.

வீட்டில் நடந்ததைச் சொல்லும்போது தன் பங்கைச் சுருக்கிச் சொன்னார். ஆர்த்தி விடவில்லை. அறிவுச்செல்வனைக் கேட்டாள். அவன் பொய் சொல்லத் தெரியாமல் எல்லாவற்றையும் சொன்னான். வேதா தரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"இதுக்குப் போயா இப்பிடி மொகத்த வெச்சிக்கினு இருக்கீங்க?" என்றார். "மூணு வருஷமா தூக்கத்துல 'உள்ள போ, உள்ள போ'ன்னு என்னத் தள்றீங்க. கட்டில்ல எங்க இருக்குது உள்ள? செவுருதான் இருக்குது."

"எனக்குச் சொல்லவே இல்ல?"

"சொன்னா நீங்க கேட்டுட்டா போறீங்க? ரெண்டு தபா நடு ராத்திரில டிக்கெட்டு கேட்டீங்க. போளூர் ஒண்ணுன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டேன்."

சின்னசாமி நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் ஒன்றும் கேட்காமலே, "சரி, பழக்கம்னு ஒண்ணு இருக்குது. இருக்கட்டும்" என்றார்.

ஆர்த்தி இதற்காகத்தான் முப்பத்து நான்கு நாட்கள் காத்திருந்தாள். "அப்பா, அவருக்கு வேலை இல்லன்னு யாராச்சும் சொன்னாங்களா? மூணு ஊரு முதலாளிங்க அவரத் தேடறாங்க. நீங்கதான் வேலைய விடச் சொல்லிட்டு, வேலை தேடுன்னு அனுப்பிட்டீங்க. எனக்குக் காலைல ஒம்பதுலேர்ந்து ஆபீஸ். இங்கியே ரெண்டு தெரு தள்ளி வீடு பாத்துக்கிட்டா அம்மா பக்கத்துலயே இருப்பாங்க. தனியாப் படுக்கறது எனக்குக் கஷ்டம்னு நான் எப்ப சொன்னேன்?"

"நாளு கெழமைக்குக்கூட இல்லாம ஓடிக்கினே இருந்தா?"

"அத அவரோட முதலாளிகிட்ட பேச வேண்டியது. உங்ககிட்ட ஏன் பேசணும்?"

சின்னசாமி அறிவுச்செல்வனைப் பார்த்தார். "மாசத்துக்கு ஆறு நாள் கம்மி தம்பி. பத்து நாள் வேணும்."

அறிவுச்செல்வன் மொட்டை மாடிக்குப் போய் அருணகிரிக்குப் போன் செய்தான். கீழே மூன்று பேரும் விசிறிச் சத்தத்தில் காத்திருந்தார்கள். பத்து நாள் வீட்டில் இருக்க வேண்டும், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கட்டாயம் ஊரில் இருக்க வேண்டும், புது வண்டி தனக்கு வேண்டும் என்றான். முதலாளிகளிடம் அவன் இதுவரை எதையும் கேட்டதில்லை.

"பன்னெண்டு நாள்கூட இருந்துக்கோ," என்றார் அருணகிரி. "மீதி நாள் வந்துடுவல்ல? வந்துடுவன்னு சொல்லு மொதல்ல."

சின்னசாமி அன்று மாலையே சேத்துப்பட்டு ஜாதகத்தைத் திருப்பி அனுப்பினார்.

ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை, ஆவணி பதின்மூன்று, அறிவுச்செல்வனுக்கும் ஆர்த்திக்கும் வேங்கிக்காலில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. செப்டம்பர் 10 அன்று அவன் ராணிப்பேட்டையில் லோடு ஏற்றிக்கொண்டு கான்பூருக்குக் கிளம்பினான். அக்டோபர் மாத இறுதிவரை பள்ளியின் மூன்றாம் எண் பஸ்ஸுக்கு ஓட்டுநர் கிடைக்கவில்லை.